விழுந்தவர் வேறொருவர்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



படக்காட்சியில் கதாநாயகன் ஓடுங் குதிரையினின்று விழுந்தால் நாம் கைதட்டுகிறோம்; விழுந்தவர் வேறொருவர் என்பதை நினைப்பதில்லை. அத்தகையோருள் தலைசிறந்தவர் அமெரிக்கரான யாகிமா கனுட். 1895-ல் பிறந்து, முரட்டுக் குதிரை அடக்கும் பந்தயங்களில் பேர்பெற்றுப் படத்தொழில் புகுந்தவர்.

1939-ல் வந்த 'ஸ்டேஜ்கோச்' படத்தில், பாய்ந்தோடும் ஆறு குதிரைகளின் நடுவே தரையில் இழுபட்டுச் சென்று பிடியை விட்டார். குதிரைகளும் வண்டியும் அவர்மேலாகக் கடந்தன. இது கண்கட்டு வித்தையன்று; சற்றே பிசகினும் பிராணன் போயிருக்கும்.

எனினும், நாம் அவரை மதிப்பது இத்துணிவுக்காக மட்டுமன்று. குதிரையினின்று விழுபவனுக்குத் தரையினும் கொடியது அங்கவடி. அதில் கால் சிக்கினால் குதிரை அவனை இழுத்தோடும். ஆதலின், கால் தானே விடுபடும்படி ஒருபுறம் திறந்த அங்கவடியைக் கனுட் அமைத்தார்.

1959-ல் வந்த 'பென்ஹர்' தேரோட்டத்தை நடத்துவித்தவரும் அவரே. அதில் தூக்கியெறியப்பட்டவர் அவர் மகன் ஜோ. முகவாயில் காயத்தோடு பிழைத்தார். பெற்ற மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

1967-ல் கனுட்டுக்குக் கௌரவ ஆஸ்கார் பரிசு அளித்தபோது, அவருடைய சாகஸங்களோடு, சக தொழிலாளரைக் காக்கும் சாதனங்களை ஆக்கியமையும் காரணமாகக் கூறப்பெற்றது. 1986-ல், 90 வயதில், காலமானார்.