எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்



ஆங்கில இலக்கியம் படிக்கும் எங்கள் தங்கைமாருக்கு இன்று நூல்களுக்குத் தட்டுப்பாடு இல்லை. 1971இல் அமெரிக்காவில் தொடங்கிய புரொஜெக்ட் குட்டன்பேர்க் ஒன்றிலேயே பதிப்புரிமை முடிந்த பல்லாயிரம் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால், கையில் கிடைத்தது எந்தப் பதிப்பு என்று கேட்கும் பழக்கமும் வேண்டும்.

எமிலி டிக்கின்சன் ஏறத்தாழ 1800 கவிதைகள் எழுதினார். வாழ்ந்த காலத்தில் அச்சேறியவை பத்தளவில் மட்டுமே. அவர் 1886இல் மறைந்தார். 1890இல் வெளிவந்த முதல் தொகுப்பில் பதிப்பாசிரியர்கள் அவர் இட்ட கோடுகளைப் பெரும்பாலும் நீக்கினர், சில சொற்களை மாற்றினர், தலைப்புகளும் சூட்டினர். குட்டன்பேர்க்கில் உள்ளது அந்தப் பழைய பாடமே. கையெழுத்துப் பிரதிகளோடு ஒப்புநோக்கிய முழுத்தொகுப்பைத் தோமஸ் ஜோன்சன் 1955இல்தான் வெளியிட்டார்.

2013இல் ஹாவார்ட் பல்கலைக்கழகமும் அமர்ஸ்ட் கல்லூரி முதலிய நிறுவனங்களும் சேர்ந்து எமிலி டிக்கின்சன் ஆவணக் காப்பகத்தை இணையத்தில் திறந்தன. கட்டணம் இல்லை. கையெழுத்தின் படத்தோடு வெவ்வேறு பதிப்புகளின் பாடபேதங்களையும் பார்க்கலாம். ஒரு சொல்லுக்கு மாற்றாக அவரே குறித்துவைத்த வேறு சொற்களையும் காணலாம்.

ஒரு பெண்ணின் எழுத்தைப் பிறர் திருத்திய வடிவிலேயே உலகம் நெடுங்காலம் படித்தது. அதை அவருடைய கையெழுத்திலேயே படிக்கும் வாய்ப்பு இன்று எங்கள் பிள்ளைகளுக்கு உண்டு.

எனவே, எங்கிருந்தாலும் பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள்: மாதம் ஒரு மணிநேரம் இணையவழியில் உயர்தர வகுப்பு மாணவிகளோடு ஒரு கவிதையை இவ்வாறு ஒப்பிட்டுப் படிக்க முன்வாருங்கள்.