உடம்புக்குள் உறையும் சிமென்ட்

(கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்மில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள். யாராவது வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார் என்ற செய்தி அடிக்கடி வருகிறது. கூடவே, "டாக்டர் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார், இனி பயமில்லை" என்கிறார்கள். அது எப்படி இறுகுகிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும். சர்க்கார் உத்தியோகத்துக்கு முன்னால் கெமிஸ்ட்ரி படித்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்ல வந்தேன்.

எலும்பு சிமென்ட் என்ற பெயரில் முக்கியமாக இரண்டு சரக்குகள் உண்டு. மூட்டு மாற்று ஆபரேஷனில் செயற்கை மூட்டைப் பிடித்து நிறுத்துவது அக்ரிலிக் பிளாஸ்டிக். இறுகும்போது நன்றாகச் சுடும். கடைசிவரை பிளாஸ்டிக்காகவே இருக்கும். மற்றது, எலும்பிலுள்ள குழியை நிரப்பும் கால்சியம் பாஸ்பேட் சிமென்ட். 1980-களில் அமெரிக்காவில் பல் ஆராய்ச்சியில் இருந்த பிரவுன், சௌ என்ற இருவர் கண்டது. 1996-ல் அங்கே அரசு அனுமதி கிடைத்தது. நம் தேசத்தில், 1990-ல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா இதய வால்வைத் தந்த திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் இதுவும் உருவானது. மனோஜ் கோமத், ஹெச்.கே. வர்மா, ஆர். சிவகுமார் ஆகியோர் 2000-ல் கட்டுரை வெளியிட்டார்கள்.

அவர்கள் எடுத்தது இரண்டு பொடிகள். டெட்ரா கால்சியம் பாஸ்பேட் காரத்தன்மை கொண்டது. அதில் நாலு கால்சியத்துக்கு இரண்டு பாஸ்பரஸ். டைகால்சியம் பாஸ்பேட் டைஹைட்ரேட் சற்றே அமிலப் பக்கம், ஒன்றுக்கு ஒன்று. ஒரு மூலக்கூறுக்கு ஒரு மூலக்கூறு என்று கலந்தால் ஐந்து கால்சியத்துக்கு மூன்று பாஸ்பரஸ். நம் எலும்பின் தாதுவை ஒத்த ஹைட்ராக்ஸி அபடைட்டின் கணக்கும் அதேதான்!

இதில் தண்ணீரும், வேகப்படுத்தக் கொஞ்சம் டைசோடியம் பாஸ்பேட்டும் சேர்த்துப் பிசைகிறார்கள். பொடிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகின்றன. இரண்டையும்விடக் குறைவாகக் கரையக்கூடிய அபடைட், ஊசிபோன்ற நுண்ணிய படிகங்களாகப் படிகிறது. இவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதுதான் இறுகல். சுமார் 20 நிமிடத்தில் கெட்டியாகும். முழு பலம் வர மேலும் பல மணி நேரம் ஆகும்.

இது காய்ந்து இறுகுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வெறும் சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாகிறது. உடம்புக்குள் காற்று ஏது? இந்தச் சிமென்ட் ஈரத்திலேயே, உடல் சூட்டிலேயே உறைகிறது. அதிகம் சுடுவதுமில்லை, சுருங்குவதுமில்லை.

உறை ஊற்றிய பாலை ஆட்டிக்கொண்டே இருந்தால் தயிர் கெட்டியாகத் தோயாது. அதுபோல, இறுகத் தொடங்கியபின் கை வைத்தால் படிகப் பின்னல் அறுந்துவிடும். ரத்தம் ஊறி வந்தால் கரைந்து போகவும் கூடும். அதனால்தான் சர்ஜன் குழியைத் துடைத்து, நிரப்பி, பேசாமல் காத்திருக்கிறார்.

இறுகிய சிமென்ட்டில் பாதிக்குப் பாதி நுண்துளைகள். சித்ரா கட்டுரையில் சுமார் 52 சதவிகிதம். ஆகவே அதன் குணம் சாக்பீஸ் மாதிரி. நேராக அழுத்தினால் ஓரளவு தாங்கும். வளைத்தால், முறுக்கினால் உடையும். லாபமும் உண்டு. அமைப்பு எலும்பை ஒத்திருப்பதால் உடம்பு அதை ஏற்றுக்கொள்கிறது. எலும்பு செல்கள் மேற்பரப்பிலிருந்து மெல்ல அரித்துப் புது எலும்பு கட்டுகின்றன. அதற்கு மாதங்கள், சிலருக்கு வருஷங்கள்கூட ஆகும். நிரப்புவதற்கென்று இடுப்பெலும்பிலிருந்து சுரண்டி எடுக்கும் இன்னொரு காயமும் பல சமயம் மிச்சம்.

எனவே அடுத்த முறை உங்களுக்கோ ஆத்து மனுஷாளுக்கோ இப்படி நேர்ந்தால், டாக்டரிடம் கூச்சப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள். வைப்பது எந்தச் சிமென்ட்? பாரத்தைத் தாங்கப் போவது பிளேட்டா, ஸ்க்ரூவா, மாவுக்கட்டா? எப்போது கை ஊன்றலாம்? பதில் வரும்வரை ஊன்றாதீர்கள். 20 நிமிடத்தில் இறுகியது சிமென்ட்தான், எலும்பு அல்ல.

எல்லோரும் விழாமல் சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.