பட்டியலில் பெயர் இருக்கிறது, பாய்

(மஃரிபுக்குப் பின் நடந்த மஹல்லா குடும்பங்களின் கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை. சிறிது சுருக்கப்பட்டுள்ளது.)



கல்வி உதவி மனுக்களைப் பற்றிப் பேசுவதாகத்தான் அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தோம். அந்த மனுக்களில் ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்க்கும் சகோதரர் ஒருவர், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு எழுதியிருந்தார். காரணம் என்ற இடத்தில், "ஆன்லைன் முதலீட்டில் நஷ்டம், ரூ. 2,80,000" என்று ஒரே வரி. அவர் அதில் எழுதாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. பணம் போடுவதற்கு முன்னால் அவர் என்னிடம் வந்து கேட்டார். "செக்ரட்டரி பாய், இந்த கிரிப்டோ கம்பெனி நம்ம நாட்டுல அனுமதி உள்ளதான்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். நான் செல்போனில் தேடினேன். அரசிடம் பதிவான நிறுவனங்களின் பட்டியல் ஒன்று வந்தது. அதில் அவர் சொன்ன பெயர் இருந்தது. "பட்டியலில் பெயர் இருக்கிறது, பாய்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டு நிமிட வேலை. மரியாதைக்காக அவர் அதை மனுவில் எழுதவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

பெயர் உண்மைதான். ஆனால் அவர் போனில் இருந்த ஆப் அந்தக் கம்பெனியுடையது அல்ல. டெலிகிராமில் ஒருவர் அனுப்பிய லிங்க் வழியாக இறக்கியது. பெயர் ஒன்று, சின்னம் ஒன்று, இணைய முகவரியில் மட்டும் ஓர் எழுத்து கூடுதல். பணம் போன வங்கிக் கணக்கோ யாரோ ஒரு தனிநபரின் பெயரில். நான் பெயரைப் பார்த்தேன், போனை வாங்கிப் பார்க்கவில்லை.

மூன்றே மாதத்தில் 2,80,000 ரூபாய் 7 லட்சமாகிவிட்டதாக ஆப் காட்டியது. எடுக்கப் போனபோது, "லாபத்துக்கு 30 சதவீத வரி, 1,26,000 ரூபாயை முதலில் கட்டுங்கள்" என்று செய்தி வந்தது. மனைவியின் சங்கிலியை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். அந்தச் சகோதரிதான், "செக்ரட்டரி பாய்கிட்ட இன்னொரு தடவை கேட்டுட்டுப் போங்க" என்று தடுத்திருக்கிறார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி தருவானாக. சங்கிலி தப்பியது.

அந்த 30 சதவீதக் கதை ஏன் எடுபடுகிறது தெரியுமா? அதில் பாதி உண்மை. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வருமான வரி இருக்கிறது. அதைக் கணக்குத் தாக்கல் செய்து நாம்தான் வருமான வரித்துறைக்குக் கட்டுகிறோம், எந்த ஆப்புக்கும் அல்ல. 2022 ஜூலை முதல் விற்கும்போது 1 சதவீதம் டி.டி.எஸ். உண்டு. அதையும் தளமே பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். பிடித்தது நம் பான் எண்ணில் வந்து நிற்கும். "எடுக்க வேண்டுமானால் முதலில் கட்டு" என்று எவன் கேட்டாலும் அவன் திருடன். இதற்கு மேல் எதையும் ஆராயத் தேவையில்லை.

சரி, உண்மையான தளம் என்றால்? இங்கேதான் கவனமாகக் கேட்க வேண்டும். 2023 மார்ச் 7 அன்று மத்திய நிதியமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கை, கிரிப்டோ வாங்கி விற்கும் தளங்களைச் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அன்று முதல் இந்தியர்களுக்குச் சேவை தரும் எந்தத் தளமும், அலுவலகம் எந்த நாட்டில் இருந்தாலும், எஃப்.ஐ.யு. எனப்படும் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிய வேண்டும். பதியாத ஒன்பது வெளிநாட்டுத் தளங்களுக்கு அந்த ஆண்டு டிசம்பர் 28 அன்று நோட்டீஸ் போனது. உலகிலேயே பெரிய தளமான பைனான்ஸும் அதில் ஒன்று. ஜனவரியில் அவற்றின் ஆப்கள் முடக்கப்பட்டன. பைனான்ஸ் பிறகு பதிவு செய்துகொண்டது, 18.82 கோடி ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. பைபிட் என்ற தளத்துக்கு 2025 ஜனவரியில் 9.27 கோடி. 2025 அக்டோபரில் இன்னும் 25 வெளிநாட்டுத் தளங்களுக்கு நோட்டீஸ். போன வருஷம் பார்த்த பட்டியல் இந்த வருஷம் செல்லாது.

பட்டியலில் தேடும்போது நமக்குத் தெரிந்த பெயர் இருக்கும் என்றும் இல்லை. சட்டப்படியான கம்பெனிப் பெயர் வேறாக இருக்கும். காயின் டி.சி.எக்ஸ். என்பது நெப்லியோ டெக்னாலஜிஸ். காயின்ஸ்விட்ச் என்பது பிட்சைஃபர் லேப்ஸ். வாசிர்எக்ஸ் என்பது ஸன்மாய் லேப்ஸ். முகவரியை நாமே தட்டச்சு செய்து தளத்துக்குள் போய், அதன் விதிமுறைப் பக்கத்தில் எந்தக் கம்பெனி நம்மோடு ஒப்பந்தம் செய்கிறது என்று பார்க்க வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொன்ன வசனம்தான் குர்ஆனிலேயே நீளமான வசனம் என்று மதரஸாவில் ஓதியவர்கள் நாம். எழுதியதைப் படிக்க மட்டும் நமக்குப் பொறுமை இல்லை!

நம் ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். பட்டாசு ஆலையில் நாக்பூர் லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று சொல்கிறோம். லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும், ஷெட்டை உள்குத்தகைக்கு எடுத்து மருந்து கலப்பவர் வேறு ஒருவராக இருப்பார். வெடித்த பிறகுதான் யாருடைய ஆலை என்ற கேள்வியே எழும். சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் எத்தனை ஜனாஸாக்களுக்குப் பிறகு நாம் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறோம்.

வாசிர்எக்ஸில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான். இந்தியாவின் பெரிய தளங்களில் ஒன்று. அதை வாங்கிவிட்டதாக 2019இல் பைனான்ஸ் அறிவித்தது. 2022இல் அமலாக்கத்துறை நடவடிக்கை வந்ததும், அந்த விற்பனை முடியவே இல்லை என்று சொல்லிவிட்டது. எஃப்.ஐ.யு. பதிவு ஸன்மாய் லேப்ஸுக்கு இருந்தது. 2024 ஜூலை 18 அன்று அங்கிருந்து 23 கோடி டாலருக்கு மேல், நம் பணத்தில் ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய், திருடு போனது. பணம் எடுப்பது நிறுத்தப்பட்டது. கணக்கு வைத்திருந்த நம் மக்களுக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது, பங்கீட்டு வழக்கு இங்கே அல்ல, சிங்கப்பூர் உயர்நீதிமன்றத்தில், ஸெட்டாய் என்ற வேறொரு கம்பெனியின் பெயரில் நடக்கிறது என்று. தளம் மறுபடி திறக்க 2025 அக்டோபர் ஆயிற்று.

ஆக, எஃப்.ஐ.யு. பதிவு எதைச் சொல்கிறது? வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கிறார்கள், சந்தேகமான பரிமாற்றத்தை அரசுக்குத் தெரிவிக்கிறார்கள், அவ்வளவுதான். வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருப்பது போல இதில் இல்லை. பங்குச் சந்தையை செபி கண்காணிப்பது போல இதைக் கண்காணிக்கவும் ஆள் இல்லை. பட்டியலில் இல்லையென்றால் போகவே கூடாது. பட்டியலில் இருந்தாலும் பணத்துக்குப் பொறுப்பாளி யாருமில்லை.

ஒரு நல்ல செய்தி நம் சென்னையிலிருந்து வந்தது. அதே வாசிர்எக்ஸில் சுமார் 2 லட்சம் ரூபாய் போட்டிருந்த ஒருவர் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனார். திருடு போன நாணயம் வேறு, அவர் வைத்திருந்தது வேறு. மற்றவர்களின் நஷ்டத்தை நான் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டார். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ பணம் அல்ல, ஆனால் அது சொத்து, ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கக்கூடிய சொத்து என்று தீர்ப்பளித்து, அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு தந்தார். நாம் அமானத் என்று சொல்கிறோமே, அதற்கு மிக அருகில் வரும் வார்த்தை. இருந்தாலும் எல்லோராலும் உயர்நீதிமன்றப் படி ஏற முடியுமா?

வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. துபாயில் வாரா என்ற தனி ஆணையம் 2022 முதல் லைசென்ஸ் தருகிறது. அந்த லைசென்ஸ் விருதுநகரில் இருக்கும் அத்தாவுக்கு உதவாது. குவைத்தில் 2023 ஜூலை முதல் முழுத் தடை. ஒரு நாட்டில் இருக்கும் தம்பி சொல்லி, இன்னொரு நாட்டில் இருக்கும் அண்ணன் பணம் போடும்போது, எந்த நாட்டுச் சட்டம் என்று இரண்டு பேருமே கேட்பதில்லை.

கூடுமா கூடாதா என்ற மஸ்அலாவை நான் தொடவில்லை. அதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் சகோதரர் 1930 எண்ணில் புகார் கொடுத்திருக்கிறார். பணம் அனுப்பிய உடனேயே அழைத்திருந்தால் வழியில் நிறுத்தியிருக்க வாய்ப்பு உண்டு, இவருக்கு மூன்று மாதம் கடந்துவிட்டது. மகளின் முதல் பருவக் கட்டணத்தை அறக்கட்டளை கட்டிவிட்டது. இரண்டாம் பருவத்துக்கு ஜனவரியில் பணம் வேண்டும். இப்படிக் கேட்க வருகிறவர்கள் இனி அஸருக்குப் பின் அலுவலகத்துக்குப் போனையும் கையில் கொண்டு வாருங்கள். பெயரை மட்டும் கேட்டு நான் பதில் சொல்ல மாட்டேன்.