வலி இல்லாத நாளிலும் ஒரு மாத்திரை

இன்றைய எபிசோடை நான் செய்த ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நீலகிரியில் ஜூனியர் டாக்டரா இருந்த சமயம். ஆறு வயசுப் பையன், சிக்கிள் செல் அனீமியா. ஹைட்ராக்ஸியூரியா ஆரம்பிச்சு பல மாசம் வலியே இல்லை. திடீர்னு ஒரு ராத்திரி கால்வலி தாங்காம கதறிக்கிட்டே வந்தான்.

"மாத்திரை கொடுக்கிறீங்களா அக்கா?"

"ரெண்டு மாசமா நிறுத்திட்டேன் டாக்டர். இது கேன்சர் மாத்திரைன்னு கடையில சொன்னாங்க. இவனுக்குத்தான் வலியே இல்லையே."

கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. ஆனா அதை முதல்லயே சொல்லியிருக்க வேண்டிய ஆள் நான்.

சரி, கேன்சர் மருந்து இங்கே எதுக்கு? இந்த நோயில் ஆக்சிஜன் குறையும்போது ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு, சின்ன ரத்தக்குழாய்களை அடைச்சிடும். அந்த வலி எலும்புக்குள்ள இருந்து வரும். பிறந்த புதுசுல மட்டும் குழந்தைக்குப் பெரிசா தொந்தரவு இருக்காது. கருவில் இருந்தபோது உருவான ஹீமோகுளோபின் அப்போ உடம்புல நிறைய இருக்கும், அது அணுவை வளைய விடாது. சில மாசத்தில் அது குறைஞ்சிடும். ஹைட்ராக்ஸியூரியா அதைத் திரும்பக் கூட்டுது. நோயைக் குணமாக்காது, ஆனா கட்டுப்படுத்தும்.

ஆதாரம் இருக்கான்னு கேட்பீங்க. 9 முதல் 18 மாசக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2011-ல் வந்தது. வலி வருவது கணிசமா குறைஞ்சது. 2014-ல் அங்கே வந்த வழிகாட்டுதல், அறிகுறியே இல்லைன்னாலும் 9 மாசத்திலிருந்து இந்த மருந்தைக் கொடுக்க முன்வரணும்னு சொல்லுது. அங்கோலா, காங்கோ, கென்யா, உகாண்டாவில் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. அதில் வலி மட்டும் இல்லை, மலேரியாவும் மரணமும்கூட குறைஞ்சது.

சிக்கல் இல்லாம இல்லை. வெள்ளையணு குறையலாம், அதனால ரத்தப் பரிசோதனையை விடவே கூடாது. நம்ம ஊரில் பெரும்பாலும் கிடைப்பது 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல். கிலோவுக்கு 20 மில்லிகிராம்னு கணக்கு போட்டா, 12 கிலோ குழந்தைக்கு வேண்டியது 240. மலையிலிருந்து பஸ் ஏறி வர்ற அம்மாவுக்கு இதெல்லாம் ஒரு நாள் கூலி போற விஷயம்.

இந்தியாவில் இந்த அரிவாள் அணு இருக்குன்னு முதன்முதலா பதிவானதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952-ல். தேசிய அளவில் இதை ஒழிக்கும் திட்டம் 2023 ஜூலையில் ஆரம்பிச்சது, 7 கோடி பேருக்குப் பரிசோதனைங்கிற இலக்கோட. நல்லது. ஆனா பரிசோதனை முடிஞ்சு கார்டு கையில் வந்தா போதாது. மாத்திரை மாசாமாசம் வீட்டுக்குப் போய்ச் சேரணும்.

அந்தப் பையன் தேறிட்டான், மருந்தையும் திரும்ப ஆரம்பிச்சோம். அதுக்கப்புறம் எந்தக் குடும்பம் வந்தாலும் நான் முதல்ல சொல்றது இதுதான்: "கடையில இதைக் கேன்சர் மாத்திரைன்னு சொல்வாங்க, பயப்படாதீங்க. உங்க பிள்ளைக்குக் கேன்சர் இல்லை. வலி இல்லாம ஓடி விளையாடுறானா? மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். நிறுத்தணும்னு தோணினா, முதல்ல எனக்கு ஒரு போன் போடுங்க."

ரெண்டு நிமிஷப் பேச்சு. அன்னைக்கு நான் பேசலை.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.