வேலை வாங்கிக் கொடுத்தால் போதாது, கூட நிற்க வேண்டும்
(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



மனநோய் உள்ளவர்களுக்கு வேலை கிடைக்கவும், கிடைத்த வேலை நிலைக்கவும் நம் குழுக்கள் என்ன செய்யலாம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பேச்சை எடுத்தாலே பல ஊர்களில் ஒரே பதில்தான் வரும். "அந்தப் பொண்ணுக்கு முதல்ல நல்லா குணமாகட்டும் மேடம், அப்புறம் வேலையைப் பத்திப் பார்க்கலாம்." நம்ம பெரியவங்க ஒரு பழமொழி சொல்லுவாங்க. பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும். பைத்தியம் என்ற சொல்லை இனி நாம் யாரையும் பார்த்துச் சொல்ல வேண்டாம். ஆனால் வேலை விஷயத்தில் நாம் செய்வது அந்தப் பழமொழியைத்தான். குணமானால்தான் வேலை என்கிறோம். வேலையில்லாமல் மூலையில் உட்கார்ந்திருப்பவருக்கு நாளாக ஆகப் பேச்சு குறைகிறது, ராத்திரி தூக்கம் கெடுகிறது, 'நான் எதுக்கும் ஆக மாட்டேன்' என்ற எண்ணம் ஊறிப்போகிறது.

சர்க்கரை நோய் உள்ளவர், சர்க்கரை முழுசா இறங்கட்டும் என்று பத்து வருஷம் வேலைக்குப் போகாமல் இருக்கிறாரா? மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே வேலைக்குப் போகிறார். மனச்சிதைவு நோய், இருதுருவ மனநோய், கடுமையான மனச்சோர்வு இவற்றிலும் பலர் அப்படிப் போக முடியும். காதில் குரல் கேட்பது சிலருக்கு முழுசாக நிற்காது. அந்தக் குரலோடேயே தைக்கிறவர்கள், மாடு பார்க்கிறவர்கள், கடையில் நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலை மருந்துக்கு மாற்று இல்லை. இரண்டும் சேர்ந்து போக வேண்டும்.

1990-களில் அமெரிக்காவில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் என்ற இருவர் பழைய முறையைத் திருப்பிப் போட்டார்கள். அதுவரை, முதலில் பல மாதம் பயிற்சி, பிறகு வேலை என்று இருந்தது. பலருக்குப் பயிற்சி மட்டும் நடந்தது, வேலை வரவே இல்லை. இவர்கள், அவரவருக்குப் பிடித்த உண்மையான வேலையை முதலில் தேடிக் கொடுத்துவிட்டு, வேலையில் இருக்கும்போதே கூட இருந்து பழக்கினார்கள். பல நாடுகளில் சோதித்துப் பார்த்தபோது, பழைய முறையைவிட இந்த முறையில்தான் அதிகம் பேர் வேலைக்குப் போனார்கள்.

நம்ம ஊருக்கு வருவோம். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் டாக்டர் சாரதா மேனன். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு 1984-ல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் ஸ்கார்ஃபும், கோவாவிலும் மகாராஷ்டிராவிலும் வேறு அமைப்புகளும் சேர்ந்து நடத்திய ஓர் ஆய்வு 2014-ல் வெளிவந்தது. உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, மனச்சிதைவு உள்ளவர்களின் வீட்டுக்குப் போய்ப் பேசவும் உதவவும் வைத்தார்கள். டாக்டர் சிகிச்சையோடு இதுவும் சேர்ந்தபோது, சிகிச்சை மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்களின் நிலைமை ஓரளவு மேம்பட்டது. வீட்டுக்குப் போனவர்கள் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. நம்மைப் போன்றவர்கள்தான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வேலை பெரும்பாலும் நோயின் உச்சத்தில் போவதில்லை. சின்னச் சின்ன விஷயத்தில்தான் போகிறது. ராத்திரி சாப்பிட்ட மாத்திரையால் காலையில் எழுந்திருக்க முடியாது. எட்டு மணி வேலைக்கு ஒன்பதரைக்கு வந்தால் "சோம்பேறி" என்று பெயர். மருந்தால் கை நடுங்கும். மசாலா பாக்கெட் எடை போடும்போது சிந்தும். மாசத்துக்கு ஒரு நாள் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும், அன்று லீவு கிடைக்காது. யாரோ ஒருத்தர் முதுகுக்குப் பின்னால் சொன்ன ஒரு வார்த்தை காதில் விழும். மறுநாள் வர மாட்டார். யாரும் போய்க் கூப்பிட மாட்டோம். பத்து நாள் கழித்து அந்த இடத்தில் வேறு ஆள்.

இதில் ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது. வேலை நேரத்தைப் பத்து மணிக்கு மாற்றலாம். மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். நாமாக மாற்றவோ நிறுத்தவோ கூடாது. எடை போடுவதற்குப் பதில் லேபிள் ஒட்டவோ, பெட்டியில் அடுக்கவோ கொடுக்கலாம். சத்தமும் கூட்டமும் ஒத்துவராதவரை ஓரமாக உட்கார வைக்கலாம். முதலில் இரண்டு மணி நேரம், பிறகு அரை நாள் என்று கூட்டலாம். முக்கியமாக ஒன்று: லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர் வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் மருந்து ரத்தத்தில் கூடி ஆபத்தாகிவிடும். அவருக்கு நிழலும் தண்ணீரும் கட்டாயம்.

இதையெல்லாம் யார் பார்ப்பது? எல்லோரும் பார்ப்போம் என்றால் யாரும் பார்க்க மாட்டோம். பேர் சொல்லி ஒருத்தர் வேண்டும். அவரை துணை அக்கா என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு வாரம் வேலைக்குக் கூடப் போகணும். அப்புறம் வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கணும். ஒரு நாள் வரவில்லை என்றால் அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போகணும். மறுபடி நோய் வருவதற்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் ஓர் அறிகுறி இருக்கும். ஒருத்தருக்குத் தூக்கம் போகும், இன்னொருத்தர் சாப்பிட மாட்டார், இன்னொருத்தர் எல்லோர் மேலும் சந்தேகப்படுவார். நன்றாக இருக்கும்போதே, "உனக்கு எப்படி ஆரம்பிக்கும், அப்ப யாரைக் கூப்பிடணும்" என்று அவரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம், ஒரு வருஷம் ஆனாலும் இந்தத் துணையை நிறுத்தக் கூடாது.

துணை அக்கா காவல்காரி இல்லை. நோயைப் பற்றி முதலாளியிடமோ மற்றவர்களிடமோ சொல்லலாமா, எவ்வளவு சொல்லலாம் என்பதை அந்தப் பெண்தான் முடிவு செய்வார். குழுவில் கேட்டது குழுவை விட்டு வெளியே போகக் கூடாது.

கூலி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். "அவளுக்கு எதுக்குக் காசு, சோறு போடறோமே" என்று வேலை வாங்கும் வீடுகளும் கடைகளும் உண்டு. அரை நாள் வேலைக்கு அரை நாள் கூலி, பாக்கெட் கணக்கு என்றால் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே ரேட். அதுவும் அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போக வேண்டும்.

"கத்தி எடுத்துக் குத்திட்டா என்ன பண்றது?" என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறீர்கள். மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலானவர்கள் யாரையும் தாக்குவதில்லை. அடி வாங்குவதும் ஏமாற்றப்படுவதும் அவர்களாகத்தான் அதிகம் இருக்கிறார்கள்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் மனநோயும் ஒன்று. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்று பெற்றவர்கள் அரசு வேலையில் உள்ள 4 சதவீத இட ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அரசுப் பணியில் இருக்கும்போது நோய் வந்தால், அதற்காக வேலையை விட்டு நீக்கவோ பதவியைக் குறைக்கவோ கூடாது. மாற்றுத்திறனாளிகள் 5 பேர் இருந்தாலே சிறப்புக் குழு தொடங்கலாம். அதற்காக நம் குழுக்களில் அவர்களைச் சேர்க்கக் கூடாது என்று அர்த்தம் இல்லை.

கடைசியாக, இந்தக் கூட்டமைப்பிடம் மூன்று தீர்மானம் கேட்கிறேன். ஒன்று, நம் ஊராட்சியில் வேலைக்கு வர விரும்பும் ஒவ்வொருவருக்கும் ஒரு துணை அக்காவைப் பெயரோடு தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். இரண்டு, குழு நடத்தும் தொழில்களில் முதல் வாய்ப்பை நாமே கொடுக்க வேண்டும். வெளியே கடைக்காரரிடம் கேட்பதற்கு முன்னால், நம் மசாலாக் கூடத்திலும் தையல் கூடத்திலும் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று, நோய் அதிகமான மாதத்தில் சேமிப்பும் கூட்ட வருகையும் தவறினால், அவரைக் குழுவிலிருந்து நீக்காமல் இடத்தை அப்படியே வைத்திருக்க வேண்டும்.

சந்தேகம் வந்தால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். கூட்டம் முடிந்ததும் நான் இங்கேதான் இருப்பேன். உங்கள் தெருவில் யாராவது நினைவுக்கு வந்திருந்தால், அவர் பெயரை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டாம், தனியாக வந்து சொல்லுங்கள்.