23,000 என்ற எண்ணும் பெரியம்மாவின் கேள்வியும்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் 20 அன்று ஒரு செய்தித் தொலைக்காட்சியில் இரவு ஷிப்டில் இருந்தேன். பிரிட்டனின் கோவிட் விசாரணை தன் இரண்டாவது அறிக்கையை வெளியிட்டது. "ஒரு வாரம் முன்பே ஊரடங்கு போட்டிருந்தால் 23,000 பேர் பிழைத்திருப்பார்கள்." திரையின் கீழே ஓடிய அந்த வரியை எழுதியது நான்தான்.

மறுநாள் காலை வீட்டுக்குப் போனேன். என் பெரியம்மா தூய்மைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 2020இல் ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது, வீடு வீடாகப் போய்க் குப்பை எடுத்தவர். அந்த வரியை அவரும் பார்த்திருக்கிறார். "ஏம்ப்பா, அந்த ஊர்ல குப்பை அள்ளுறவங்க எத்தனை பேரு செத்தாங்கன்னு அதுல போட்டிருக்கா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நான் ஏஜென்சி கொடுத்த செய்தியைப் படித்தேனே தவிர, அறிக்கையைப் படிக்கவில்லை.

பிறகுதான் படித்தேன். நான் எழுதிய வரி பொய் இல்லை, ஆனால் பாதியை விட்டுவிட்டது. அந்த 23,000 ஒரு கணித மாதிரியிலிருந்து வந்த மதிப்பீடு. இங்கிலாந்துக்கு மட்டுமானது, 2020 ஜூலை 1 வரையிலான முதல் அலைக்கு மட்டுமானது. அதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது: மார்ச் 16க்கு முன்பே மற்ற கட்டுப்பாடுகளைக் கடுமையாக எடுத்திருந்தால் ஊரடங்கே தேவைப்படாமல் போயிருக்கலாம். ஊரடங்கை ஆதரித்தவர்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டார்கள், எதிர்த்தவர்கள் இரண்டாம் பாதியை. மிச்ச இடத்தை வாட்ஸ்அப்பில் யார் யாரை என்ன கெட்ட வார்த்தையில் திட்டினார்கள் என்பது நிரப்பியது.

பிரதமரையும் அமைச்சர்களையும் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டது தவறு என்று நான் சொல்லவில்லை. முன்னாள் நீதிபதி ஹெதர் ஹாலட் தலைமையில், பதவியில் இருந்தவர்கள் மக்கள் பார்க்கச் சாட்சி சொன்னார்கள். அது பெரிய விஷயம். அரசு மனமுவந்து தந்ததும் அல்ல, உறவுகளை இழந்த குடும்பங்கள் போராடிப் பெற்றது. நாடாளுமன்றத்துக்கு எதிரே, தேம்ஸ் கரைச் சுவரில் செத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்பு இதயம் வரைந்தவர்கள் அவர்கள்.

என் பிரச்சினை இதற்கு முந்தைய அறிக்கையைப் பற்றியது. 2024 ஜூலை 18இல் வந்த முதல் அறிக்கை, பெருந்தொற்றுக்கு நாடு எவ்வளவு தயாராக இருந்தது என்பதை ஆராய்ந்தது. 2019இல் வெளியான உலகச் சுகாதாரப் பாதுகாப்புக் குறியீட்டில் பிரிட்டனுக்கு இரண்டாம் இடம், அமெரிக்காவுக்கு முதலிடம். தயார் என்று பெயர் வாங்கிய நாட்டின் கையில் இருந்தது 2011இல் எழுதிய இன்ஃபுளுயன்சா திட்டம். 2016இல் 'சிக்னஸ்' என்ற ஒத்திகை நடத்தினார்கள். அதில் கற்ற பாடங்கள் பலவும் செயலுக்கு வரவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்கெனவே இருந்த சமூக, உடல்நல ஏற்றத்தாழ்வுகளைத் திட்டமிட்டவர்கள் போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை என்றது அறிக்கை. பேராசிரியர்கள் மைக்கேல் மார்மோட்டும் கிளேர் பாம்ப்ராவும் அந்த விசாரணைக்குக் கொடுத்த நிபுணர் அறிக்கையின் மையமே அதுதான். பொதுச் சேவைகள் தேய்ந்து, உடல்நல ஏற்றத்தாழ்வு பெருகிக் கிடந்த நிலையில்தான் அந்த நாடு கொரோனாவை எதிர்கொண்டது என்றார்கள்.

இது எங்கள் சேனலில் எப்படி வந்தது என்று பழைய பதிவுகளில் தேடினேன். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வரி. ஏற்றத்தாழ்வு என்ற சொல்லே அதில் இல்லை.

உடன் வேலை பார்க்கும் நண்பரிடம் கேட்டேன். "செய்திக்கு ஒரு முகம் வேணும். அட்டவணையை யாரு பார்ப்பா?" என்றார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் யாருடைய முகம்? 2020 மே மாதமே பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் கணக்கு வெளியிட்டது. வயது வித்தியாசத்தைச் சரிசெய்த பிறகும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கறுப்பின ஆண்கள் கோவிட்டில் சாகும் வாய்ப்பு வெள்ளை ஆண்களைப் போல 4.2 மடங்கு. தொழில்வாரியாகப் பார்த்தால், காவலாளிகள், டாக்சி ஓட்டுநர்கள், பேருந்து ஓட்டுநர்கள், சமையல்காரர்கள், பராமரிப்புப் பணியாளர்கள் அதிகம் செத்தார்கள். இவர்களுக்கும் முகம் இருக்கிறது தோழர்களே. கேமரா அந்தப் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

அந்த 4.2 எப்படிக் கிடைத்தது என்பதையும் கவனியுங்கள். இங்கிலாந்தின் இறப்புப் பதிவில் அப்போது இனம் கேட்கும் கட்டம் கிடையாது. இறப்புப் பதிவுகளை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு இணைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். கணக்கெடுப்பில் இனம் இருந்ததால் அது முடிந்தது. இந்த விசாரணையின் வரையறையிலும் ஏற்றத்தாழ்வு தானாக முதலிடத்துக்கு வந்துவிடவில்லை. 2022 மார்ச்சில் வந்த வரைவின் மீது மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். அதன் பிறகே, அதை முன்னிலைப்படுத்த வேண்டும் என்று ஹாலட் பரிந்துரைத்தார். ஜூன் மாதம் அரசு ஏற்றது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். ஒன்றிய அளவில் இப்படி ஒரு பொது விசாரணை இங்கே நடக்கவில்லை. ஊரடங்கில் செத்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று 2020 செப்டம்பரில் மக்களவையில் கேட்டபோது, அப்படியொரு தரவு இல்லை என்றது அரசு. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் 47 லட்சம் கூடுதல் மரணங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசின் கணக்கு சுமார் 4.8 லட்சம். மதிப்பிட்ட முறையே தவறு என்று அரசு மறுத்தது. எண்ணிக்கையிலேயே இவ்வளவு தகராறு. அதில் தலித்துகள் எத்தனை பேர், பழங்குடிகள் எத்தனை பேர் என்று யாரிடம் போய்க் கேட்பது? முழுமையான சாதிவாரிக் கணக்கெடுப்பு இங்கே கடைசியாக வெளியானது 1931இல். அடுத்த கணக்கெடுப்பில் சாதி சேரும் என்று 2025 ஏப்ரலில்தான் அறிவித்தார்கள். சாதிவாரிக் கணக்கெடுப்பை இடஒதுக்கீட்டுச் சண்டையாக மட்டும் ஊடகங்கள் காட்டுகின்றன. அடுத்த தொற்றில் யார் முதலில் சாவார்கள் என்று தெரிந்துகொள்ளவும் அது வேண்டும்.

உங்களில் சிலர் நாளை செய்தி அறைகளுக்கு வருவீர்கள். ஏதாவது ஒரு விசாரணை அறிக்கை உங்கள் மேசைக்கு வந்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்த எண்ணுக்குள் யார் இருக்கிறார்கள்? யாரை எண்ணவே இல்லை? எண்ண வேண்டாம் என்று முடிவு செய்தது யார்? பத்து நிமிடம் கூட ஆகும். எடிட்டர் கத்துவார். பரவாயில்லை.

பெரியம்மாவிடம் திரும்பப் போய்ச் சொன்னேன்: "அந்த ஊர்ல எந்த வேலை பார்த்தவங்க அதிகம் செத்தாங்கன்னு கணக்கு இருக்கு பெரியம்மா." அவர் அடுத்து என்ன கேட்டிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

"இங்க?"

அந்தக் கேள்வியை உங்களிடம் ஒப்படைக்கிறேன். ஜெய் பீம்.