தலையிடி என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்தில் காலைக்கூட்டத்துக்கு வரிசையில் நின்ற நாங்கள் இன்று வைத்தியர்களாக இதே மேடையில் நிற்கிறோம். "கொவிட் பற்றிப் பேசுங்கள், ஆனால் நீட்டிவிட வேண்டாம்" என்பது செயலாளர் அக்காவின் கட்டளை. கொவிட் முடிந்துபோன கதை என்று சிலர் நினைக்கலாம். அந்த நாட்களில் நாங்கள் படித்த ஒரு பாடம் மட்டும் இன்னும் முடியவில்லை. மூளையின் நாளங்களில் இரத்தம் உறைந்துபோவது பற்றிய பாடம் அது.

2021ஆம் ஆண்டின் நடுப்பகுதி. பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து 26 வயதுத் தாய் ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது பிள்ளை பிறந்து பதினெட்டு நாள். இடையில் லயத்தில் எல்லோருக்கும் கொவிட். அவளுக்கும் வந்து காய்ச்சல் விட்டது. தலையிடி மட்டும் விடவில்லை. அதற்கு முன்பு இரண்டு தடவை மருந்தெடுக்கப் போயிருக்கிறாள். முதல் தடவை "கொவிட் தலையிடி" என்று பனடோல். இரண்டாம் தடவை "நித்திரைக் குறைவு, இரத்தம் குறைவு" என்று மீண்டும் பனடோலும் இரும்புச்சத்து மாத்திரையும். மூன்றாம் தடவை வலிப்போடு வந்தாள்.

வாட்டிலிருந்த தமிழ்த் தாதி ஒருவர் அவளுடைய தாயிடம் உட்கார்ந்து விசாரித்தார். "பதினோரு நாளாங்க. நாளுக்கு நாள் கூடுது. படுத்தா தாங்க முடியல, எந்திரிச்சு ஒக்காந்தா கொஞ்சம் கொறையுது. நேத்திலருந்து கண்ணு ரெண்டு ரெண்டா தெரியுதுன்னா" என்று அந்த அம்மா ஒரே மூச்சில் சொன்னார். நோயைக் கண்டுபிடிக்கத் தேவையான அத்தனையும் அந்த நான்கு வசனங்களில் இருந்தன. நோயாளியின் அட்டையில் இருந்ததோ "தலையிடி" என்ற ஒரே சொல்.

யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்த நாட்களின் நெருக்கடியில், மொழி புரியாத நிலையில், எங்களில் எவரும் அதே பிழையைச் செய்திருப்போம்.

இந்த நோய் என்ன? நாடிகள் மூளைக்கு இரத்தத்தைக் கொண்டுபோகின்றன. நாளங்கள் அதை வெளியே கொண்டுவருகின்றன. லயத்துக்குப் பின்னால் ஓடும் கானை நினைத்துப் பாருங்கள். கான் அடைபட்டால் தண்ணீர் போக வழியின்றிக் காம்பிராவுக்குள் ஏறும். மூளையின் நாளத்தில் இரத்தக்கட்டி அடைத்தாலும் அப்படித்தான். உள்ளே அமுக்கம் கூடும். தலையிடியும் வாந்தியும் வரும். பார்வை மங்கும் அல்லது இரண்டாகத் தெரியும். பிறகு வலிப்பு, கைகால் பலவீனம், மயக்கம். சிலருக்கு மூளைக்குள் இரத்தக் கசிவும் ஏற்படும்.

இது அரிய நோய். ஆனால் வயதானவர்களைவிட இளம் பெண்களையே அதிகம் தேடி வருகிறது. 21 நாடுகளில் 624 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பெண்கள். கர்ப்பகாலம், பிரசவத்துக்குப் பின்னான ஆறு வாரங்கள், சில வகைக் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரைகள் ஆகியவற்றில் இரத்தம் உறையும் தன்மை கூடுவதே முக்கிய காரணம். உடலில் நீர் வற்றுவதும் தொற்றுநோயும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

கொவிட் வந்து இந்த ஆபத்தை மேலும் கூட்டியது. அந்தத் தொற்று இரத்தக் குழாய்களின் உட்சுவரை அழற்சியடையச் செய்து, இரத்தத்தை இலகுவில் உறைய வைக்கிறது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021 ஏப்ரலில் வெளியிட்ட கணக்கின்படி, கொவிட் கண்டறியப்பட்டவர்களில் பத்து இலட்சத்துக்குச் சுமார் 39 பேருக்கு இரண்டு வாரங்களுக்குள் இந்த நோய் வந்தது. அஸ்ட்ரா செனகா தடுப்பூசிக்குப் பின்னர் வந்தது பத்து இலட்சத்துக்குச் சுமார் 5 பேருக்கு.

தடுப்பூசி என்றதும் பலருடைய முகத்தில் கேள்வி தெரிகிறது. மறைக்க ஒன்றுமில்லை. நம் நாட்டில் கோவிஷீல்ட் பெற்ற ஆறு பேருக்கு இரத்தம் உறைந்ததாகவும் அவர்களில் மூவர் இறந்ததாகவும் 2021 ஏப்ரலில் சுகாதார அமைச்சரே பாராளுமன்றத்தில் அறிவித்தார். அப்போது ஒன்பது இலட்சத்துக்கும் அதிகமானோர் ஊசி பெற்றிருந்தார்கள். ஊசியால் வந்த ஆபத்து உண்மை. நோயால் வந்த ஆபத்து அதைவிடப் பெரியது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் மக்கள் எங்களை நம்புவார்கள்.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். "பச்ச ஒடம்புக்காரிக்குத் தண்ணி குடுக்காதே, வயிறு ஊதிரும்" என்று நம் பாட்டிமார் சொல்வதைக் கேட்டே வளர்ந்தோம். பிள்ளைபெற்றவளுக்கு நாளைக்கு இரண்டு கோப்பை கொத்தமல்லித் தண்ணி மட்டும் கொடுக்கும் வீடுகள் இன்றும் தோட்டங்களில் உண்டு. இந்தியாவில் பிரசவத்துக்குப் பின் இந்த நோய் வந்த தாய்மாரைப் பற்றி எழுதிய வைத்தியர்களும் இதே வழக்கத்தைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். பாட்டிமாரின் அன்பில் குறையில்லை. தண்ணீரை மறுப்பதில்தான் பிழை. பால் கொடுக்கும் தாய்க்குத் தாகம் எடுக்கும். தாகம் தீரக் குடிக்க விடுங்கள்.

அடுத்தது மருந்து. சாதாரண சீ.டி. ஸ்கேனில் இந்தக் கட்டி தெரியாமலும் போகலாம். நாளங்களைக் காட்டும் விசேட ஸ்கேன் வேண்டும். சந்தேகம் வந்தால்தானே வைத்தியர் அதைக் கேட்பார்? அந்தச் சந்தேகத்தைக் கிளப்புவது நோயாளியின் வார்த்தைகள். கண்டுபிடித்துவிட்டால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் ஊசியும், பின்னர் சில மாதங்களுக்கு மாத்திரையும் கொடுப்போம். நான் முன்பு சொன்ன 2004ஆம் ஆண்டு ஆய்வில் பத்தில் எட்டுப் பேரளவில் நன்றாகத் தேறியிருக்கிறார்கள்.

அந்தத் தாய் பிழைத்தாள். ஆனால் வலது கை விரல்கள் பழைய வேகத்துக்கு வரவில்லை. கொழுந்தை நிறுத்துப் பேர் போடும் மலையில் விரலின் வேகம்தான் சம்பளம். ஒரு கிழமை முந்தி அந்த நான்கு வசனங்களும் வைத்தியரின் காதில் விழுந்திருந்தால், அந்தக் கை தப்பியிருக்கக்கூடும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தச் சபையில் தோட்டப் பாடசாலை ஆசிரியைகள், பிள்ளைக் காம்பிரா பொறுப்பாளர்கள், தாதியர், கிளார்க்மார் இருக்கிறீர்கள். இப்பாடசாலை நம் கையில் தமிழைக் கொடுத்தது; சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் சேர்த்துக் கொடுத்தது. பிள்ளை பெற்ற ஆறு கிழமைக்குள், அல்லது கொவிட் போன்ற காய்ச்சலுக்குப் பின்னர், ஒரு பெண் தலை இடிக்கிறது என்றால் நான்கு கேள்வி கேளுங்கள். எத்தனை நாள்? நாளுக்கு நாள் கூடுகிறதா? படுத்தால், இருமினால் கூடுகிறதா? வாந்தி, பார்வைக் கோளாறு, கைகால் விறைப்பு உண்டா? பதிலை அவளுடைய அட்டையில் எழுதிக் கொடுங்கள், வைத்தியருக்கு விளங்கும் மொழியில். மாத்திரை பாவிப்பதையும் பிள்ளை பிறந்த திகதியையும் சேர்த்து எழுதுங்கள். வலிப்போ மயக்கமோ வந்துவிட்டால் பரிகாரம் தேடி ஓடாமல் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் சேவை இலவசம்.

நூறு வருடங்களாக இப்பாடசாலை தோட்டத்துப் பெண் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தது. பேச முடியாமல் கட்டிலில் கிடக்கும் ஒருத்திக்காக நாம் பேசினால், அதுவே நாம் செலுத்தும் குருதட்சணை.